அப்டேட் போட்ட பிறகு வைஃபை வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் ஓடி முடிந்த கையோடு வைஃபை படுத்துவதைப் பற்றிய கேள்விகள் இவை. பெரும்பகுதி விண்டோஸ் 10, 11 பற்றியது. மேக், லினக்ஸ் இரண்டுக்கும் கீழே தனித்தனியாகப் பதில் உண்டு. மெனுக்களின் பெயரை, தேட எளிதாக இருக்கட்டும் என்று, திரையில் இருக்கும் ஆங்கிலப் பெயரின் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து சோதித்துப் பாருங்கள். பதறிப்போய் ஐந்தாறு இடத்தில் கை வைத்துவிட்டால், எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்றும் தெரியாது.

அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் திறந்தது, வைஃபை இல்லை. முதலில் எதைப் பார்ப்பது?

போனை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி கொடுங்கள். அப்டேட் வந்த அதே நாளில் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பக்கம் கோளாறு வருவது அபூர்வமல்ல.

போனில் திறக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும்தான் இல்லை என்றால், கோளாறு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை என்ற பொத்தானே மறைந்துவிட்டதா? பொத்தான் இருந்து, நெட்வொர்க் பட்டியலும் வந்து, சேர மட்டும் மறுக்கிறதா? சேர்ந்துவிட்டு ‘நோ இன்டர்நெட்’ என்கிறதா? எல்லாம் ஓடி, நடுநடுவே அறுந்துபோகிறதா, வேகம் குறைந்திருக்கிறதா? இந்த நான்கும் வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். முதல் வகைக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) மாற்றிப் பயனில்லை. மூன்றாம் வகைக்கு டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருளை, தோண்டுவது பெரும்பாலும் வீண்வேலை. நேரம் விரயமாவதெல்லாம் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் பார்ப்பதால்தான்.

உண்மையிலேயே அப்டேட்தான் காரணமா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். நாள் வாரியாக ஒரு கட்டம் விரியும். எந்த நாளில் எந்த அப்டேட் ஏறியது, எந்த டிரைவர் மாறியது, எந்த மென்பொருள் நிறுவப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். வைஃபை கெட்ட நாளில் சொடுக்கிப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். அன்றைக்கே வைரஸ் தடுப்பு மென்பொருளோ விபிஎன்னோ (இணைப்பை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். லேப்டாப்பைப் பல வாரம் மூடி மூடித் திறப்பவர்கள் அதை ரீஸ்டார்ட் செய்வதே அப்டேட் கேட்கும்போதுதான். என்றைக்கோ மாற்றிய ஒரு அமைப்பு இந்த ரீஸ்டார்ட்டில்தான் செயலுக்கு வரும். பழி அப்டேட் மேல் விழும்.

ரீஸ்டார்ட்டும் ஷட்டவுனும் ஒன்றுதானே?

இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. அது ஓடும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் உட்கருவும் டிரைவர்களும் அப்போதிருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்படும். மறுபடி ஆன் செய்யும்போது அதே நிலை திரும்பி வரும். குழம்பிப்போன வைஃபை டிரைவர் குழப்பம் மாறாமல் எழுந்து வரும். ரீஸ்டார்ட் அப்படியல்ல, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். ஆகவே அப்டேட்டுக்குப் பிறகு ஷட்டவுன் போதாது, ரீஸ்டார்ட் கொடுங்கள். முழுமையாக அணைக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்கலாம்.

நிரந்தரமாக நிறுத்த: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. அங்கே மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்பதைச் சொடுக்கினால்தான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுக்க முடியும்.

வைஃபை பொத்தானையே காணோம். ஏரோப்ளேன் மோட் மட்டும் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குத் தன் வைஃபை கார்டு கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் அதை இயக்க முடியவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ கிளையை விரியுங்கள். வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற சொல்லோடு ஒரு வரி இருக்க வேண்டும்.

அந்த வரியில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் இரட்டைச் சொடுக்கு செய்து ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ பெட்டியைப் படியுங்கள். அங்கே இருக்கும் கோட் எண் முக்கியம். கோட் 22 என்றால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது சொடுக்கு செய்து ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் கார்டைக் கிளப்ப முடியவில்லை. கோட் 43 என்றால் கார்டு தன் கோளாறைத் தானே சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.

வரியே இல்லையென்றால் மேலே ‘வியூ’ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுங்கள். இப்போது மங்கலாக ஒரு வரி தெரிந்தால் அது கோட் 45: முன்பு இருந்த கார்டு இப்போது மின்னளவில் தென்படவில்லை.

கோட் 10, 43, 45 மூன்றுக்கும் டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை மிச்ச மின்சாரத்தை வடியவிடுவது. லேப்டாப் அணைந்திருந்தாலும் மதர்போர்டில் சிறிதளவு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வைஃபை கார்டின் உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் சிக்கிக்கொண்டால், எத்தனை ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அந்த மின்சாரத்தில் அது சிக்கிய நிலையிலேயே இருக்கும். ஷிஃப்ட் பிடித்து ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரையும் யுஎஸ்பியில் செருகிய எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் சும்மா விட்டு, சார்ஜர் செருகி ஆன் செய்யுங்கள். இவ்வளவு எளிய வேலை என்பதாலேயே பலர் நம்பாமல் தாண்டிப் போகிறார்கள். மறைந்துபோன கார்டு திரும்பி வருவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. முதலில் இதைச் செய்யுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் போய் வயர்லெஸ் ‘எனேபிள்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் புதுப்பிப்பும் வருவதுண்டு; அப்போது அமைப்புகள் மாறியிருக்கலாம்.

கார்டு செத்துவிட்டதா, டிரைவர் கோளாறா?

லினக்ஸ் லைவ் யுஎஸ்பி ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து, நிறுவாமல் ‘டிரை’ மட்டும் தேர்ந்தெடுங்கள். வட்டில் எதுவும் மாறாது. அங்கே வைஃபை பட்டியல் வந்தால் கார்டு நலமாக இருக்கிறது, தகராறு விண்டோஸில். அங்கும் கார்டு தென்படாமல், பயாஸிலும் இல்லாமல் போனால் வன்பொருளைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: சில பிராட்காம், ரியல்டெக் கார்டுகளுக்கு லைவ் யுஎஸ்பியில் டிரைவர் இருக்காது. அதனால் அங்கே வேலை செய்தால் அது உறுதியான சான்று. வேலை செய்யாமல் போவது அவ்வளவு உறுதியான சான்றல்ல.

பழைய டிரைவருக்கு எப்படித் திரும்புவது? ‘ரோல் பேக்’ பொத்தான் அழுத்தவே முடியவில்லை.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை வரியை இரட்டைச் சொடுக்கு செய்து ‘டிரைவர்’ தாவலுக்குப் போங்கள். டிரைவர் தேதியையும் பதிப்பு எண்ணையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘ரோல் பேக் டிரைவர்’. அது மங்கியிருந்தால் அந்த அடாப்டருக்கு முந்தைய டிரைவர் எதுவும் சேமிப்பில் இல்லை என்று பொருள். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அப்போதும் வழி உண்டு. ‘அப்டேட் டிரைவர்’, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர் ஃபார் டிரைவர்ஸ்’, ‘லெட் மீ பிக் ஃப்ரம் எ லிஸ்ட்’ என்று வரிசையாகப் போங்கள். ஒரே கார்டுக்கு இரண்டு மூன்று பதிப்புகள் பட்டியலில் நிற்கலாம். இப்போது இருப்பதல்லாத ஒன்றைத் தேர்ந்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இணையமே தேவைப்படாத வைத்தியம் இது.

பட்டியலில் ஒன்று மட்டுமே இருந்தால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். வைஃபை சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலும் கிடைக்கும், அது புதிதாகவும் இருக்கும். ஆனால் லேப்டாப் தயாரிப்பாளர்கள் மின் சேமிப்பு, ஆன்டெனா தொடர்பாகத் தங்கள் மாற்றங்களைச் சேர்த்திருப்பதுண்டு. அதனால் முதலில் அவர்களுடையதே. மூன்றாம் தரப்பு ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களை இறக்காதீர்கள். தவறான டிரைவரை ஏற்றிவிடும் ஆபத்தும், கூடவே வேண்டாத விளம்பர மென்பொருளும் வரும்.

இன்னொரு கவனம். ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்கும்போது டிரைவர் கோப்புகளையும் நீக்கவா என்று ஒரு டிக் கட்டம் கேட்கும். டிக் போடாமல் நீக்கினால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதே டிரைவர் திரும்ப ஏறும். குழம்பிய அமைப்பைத் துடைக்க அதுவே போதும். டிக் போட்டால் அந்த டிரைவரே போய்விடும். மாற்று டிரைவர் கையில் இல்லாமல் அந்த டிக்கைப் போட வேண்டாம்.

வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

லான் கேபிள் இருந்தால் ரவுட்டரில் செருகுங்கள், முடிந்தது. இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபை இணையமே கேபிள் வழியாக வரும்; மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் இது வேலை செய்யாது. டெதரிங் பொத்தான் மங்கியே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நெட்வொர்க் தெரிகிறது. கடவுச்சொல் சரியாகப் போட்டும் ‘கான்ட் கனெக்ட்’ என்கிறது.

முதலில் அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக அடியுங்கள். ரவுட்டரின் பாதுகாப்பு வகை முன்பு டபிள்யூபிஏ2, இப்போது டபிள்யூபிஏ3 என்று மாறியிருந்தால், கம்ப்யூட்டரில் சேமித்த பழைய விவரம் அதோடு ஒத்துப்போகாது. டபிள்யூபிஏ2/3 கலப்பு முறையில் இருக்கும் ரவுட்டரோடு சில பழைய டிரைவர்கள் தடுமாறும். சோதனைக்காக ரவுட்டரில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டு ரவுட்டரில் குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் (MAC) முகவரிப் பட்டியல், அதாவது நெட்வொர்க் கார்டுகளின் அடையாள எண்களின் பட்டியல், வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கம்ப்யூட்டர் இப்போது தற்செயல் முகவரியைக் காட்டுகிறதா பாருங்கள். ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’யில் ‘ராண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்’ ஆன் ஆகியிருந்தால் ரவுட்டருக்கு நீங்கள் புது ஆள். முகவரியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: பன்னிரண்டு குறியீடுகளில் இரண்டாவது 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தற்செயல் முகவரி.

அலுவலக, கல்லூரி வைஃபை, அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அல்லது சான்றிதழும் கேட்கும் வகை, அப்டேட்டுகளால் அதிகம் அடிபடுவது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பில் இந்த உள்நுழைவுக்கு டிஎல்எஸ் 1.3 (பாதுகாப்பான இணைப்புக்கான நெறிமுறையின் புதிய பதிப்பு) இயல்பாக ஆன் ஆனது. பழைய சரிபார்ப்பு சர்வர்களுக்கு அது புரியவில்லை. அதே பதிப்பின் என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் ‘கிரெடென்ஷியல் கார்டு’ (Credential Guard, உள்நுழைவு விவரங்களைக் காக்கும் வசதி) தானாக ஆன் ஆனதால், சேமித்த விண்டோஸ் கடவுச்சொல்லை வைத்துத் தானாக நுழையும் பழைய முறை நின்றது. 2023 டிசம்பரில் வந்த ஒரு விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பிறகும் இவ்வகை நெட்வொர்க்குகளில் சேர முடியாத கோளாறு வந்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. இத்தகைய இடங்களில் நீங்களாக எதையும் மாற்றாமல், உங்கள் விண்டோஸ் பதிப்பு எண்ணோடு நெட்வொர்க் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தீர்வு பெரும்பாலும் சர்வர் பக்கம்தான்.

எல்லார் வைஃபையும் தெரிகிறது, என்னுடையது மட்டும் பட்டியலில் இல்லை.

ரவுட்டர் எந்தச் சேனலில் ஒலிபரப்புகிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 12, 13 எல்லா நாட்டிலும் அனுமதிக்கப்பட்டவை அல்ல. டிரைவர் மாறும்போது அது தன்னை எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறதோ, அதற்கேற்பச் சேனல்களை மூடிக்கொள்ளும். ரவுட்டரில் 2.4-க்கு 1, 6, 11-இல் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36 முதல் 48-க்குள் ஒன்று என்று வைத்தால் இந்தத் தொல்லை போகும்.

நெட்வொர்க் 6 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் கார்டு வைஃபை 6ஈ அல்லது அதற்குப் புதிய வகையாகவும், இயங்குதளம் விண்டோஸ் 11 ஆகவும், பாதுகாப்பு டபிள்யூபிஏ3 ஆகவும் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் அது தெரியாது. எதிர்ப்பக்கமும் உண்டு: ரவுட்டரைப் புதுப்பித்து வைஃபை 6 வந்த பிறகு, மிகப் பழைய டிரைவர் உள்ள கார்டுகளுக்கு அந்தப் பெயரே கண்ணில் படாது. அங்கே மருந்து பழைய டிரைவர் அல்ல, புதிய டிரைவர்.

இணைந்துவிட்டது என்கிறது. ஆனால் ‘நோ இன்டர்நெட்’.

இங்கே ஒரு எண்ணைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’, உங்கள் நெட்வொர்க்கின் ‘ப்ராபர்ட்டீஸ்’ என்று போய் ‘ஐபிவி4 அட்ரஸ்’ வரியைப் படியுங்கள்.

அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் ‘ஐபி அசைன்மென்ட்’ ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் கிடைக்கவில்லை என்றால் வைரஸ் தடுப்பு, விபிஎன், மெய்நிகர் கணினி மென்பொருள்கள் நடுவே செருகி வைத்த வடிகட்டிகளைச் சந்தேகிக்க வேண்டும். பழைய கன்ட்ரோல் பேனலில் வைஃபை அடாப்டரின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் டிக் கட்டங்களோடு ஒரு பட்டியல் வரும். ‘கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்’, ஐபிவி4, ஐபிவி6 போன்ற மைக்ரோசாஃப்ட் வரிகளைத் தொடாதீர்கள். வேறு நிறுவனத்தின் பெயர் தாங்கிய வரி ஏதும் இருந்தால் அந்த டிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். நீக்கிவிட்டதாக நினைத்த மென்பொருளின் மிச்சம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

முகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் ரவுட்டர் வரை பாதை சரி. அடுத்து கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பிங்’ கட்டளையோடு 8.8.8.8 கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் தகராறு. டிஎன்எஸ்ஸைக் கையால் 1.1.1.1 என்று வைத்துப் பாருங்கள். பெயரும் சரி, எண்ணும் சரி, பிரவுசர் மட்டும் மறுக்கிறது என்றால் ‘ப்ராக்சி’ பக்கத்தில் ‘யூஸ் எ ப்ராக்சி சர்வர்’ அணைந்திருக்கிறதா பாருங்கள். எல்லாத் தளமும் சான்றிதழ்ப் பிழை காட்டினால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். தேதி தவறியிருந்தால் பாதுகாப்பான தளம் ஒன்றும் திறக்காது.

விபிஎன் மென்பொருளின் ‘கில் ஸ்விட்ச்’ பற்றியும் ஒரு வார்த்தை. விபிஎன் அறுந்தால் இணையத்தையே வெட்டுவது அதன் வேலை. அப்டேட்டில் விபிஎன் உடைந்தால், தன் கடமையைச் செய்து உங்களை முழுவதும் வெட்டிவிடும். ‘டிஸ்கனெக்ட்’ போதாது, ஒருமுறை முழுவதும் நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது. மூடித் திறந்தால் வைஃபை வருவதே இல்லை.

புதிய டிரைவர் வரும்போது மின் சேமிப்பு அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியின் டிக்கை எடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தத் தாவலே இருக்காது. அங்கே ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘ரோமிங் அக்ரசிவ்னஸ்’ இருந்தால் நடுத்தரத்தில் வையுங்கள். அது உச்சத்தில் இருந்தால், கொஞ்சம் சிக்னல் குறைந்தாலும் கார்டு வேறு ரவுட்டரையோ மெஷ் முனையையோ (வீடு முழுக்க சிக்னல் பரப்பும் துணை ரவுட்டர்) தேடி ஓடும். ஒவ்வொரு தேடலிலும் வீடியோ அழைப்பு உறையும்.

வேகம் பாதியாகிவிட்டது.

வைஃபை ப்ராபர்ட்டீஸில் ‘லிங்க் ஸ்பீடு’, ‘நெட்வொர்க் பேண்ட்’ இரண்டையும் பாருங்கள். இரண்டு ஆன்டெனா உள்ள கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 866 அல்லது, வைஃபை 6 என்றால், 1201 எம்பிபிஎஸ் வரை காட்ட வேண்டும். 72 அல்லது 144 என்று நின்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்திருக்கிறது. ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘ப்ரிஃபர்டு பேண்ட்’ 5 என்று மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தும் 433-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு ஆன்டெனாதான் வேலை செய்கிறது. சமீபத்தில் லேப்டாப்பைத் திறந்து பழுது பார்த்திருந்தால், கார்டின் மேல் ஒட்டும் இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்று கழன்றிருக்கும். அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான பதிவிறக்க வேகம் லிங்க் ஸ்பீடில் பாதியோ சற்று மேலோதான் இருக்கும், அது கோளாறல்ல.

‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், கடைசியில். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், விபிஎன் இணைப்புகள், கையால் வைத்த ஐபி, டிஎன்எஸ் எல்லாம் போய்விடும். கடவுச்சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ பக்கத்தில் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள். கார்டே தென்படாத நிலையில் இதைக் கொடுத்துப் பயனில்லை.

அப்டேட்டையே நீக்கிவிட்டால் என்ன?

மாதாந்திரப் புதுப்பிப்பு என்றால் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அப்டேட் ஹிஸ்டரி’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ வழியாக நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ‘சிஸ்டம்’, ‘ரிகவரி’யில் ‘கோ பேக்’ இருக்கும். பொதுவாக 10 நாள் வரைதான். ஆனால் மாதாந்திரப் புதுப்பிப்பில் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்புகளும் இருக்கின்றன. டிரைவரை மட்டும் மாற்றித் தீருமென்றால் அதுவே மேல். நீக்கினால் பிரச்சினை தீர்கிறதா என்று பாருங்கள். தீர்ந்தால் ‘பாஸ் அப்டேட்ஸ்’ கொடுத்துச் சில வாரம் நிறுத்தி, திருத்தம் வந்ததும் மறுபடி ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மேக் வைத்திருக்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை இணைகிறது, எதுவும் திறக்கவில்லை.

மேக்கில் முதல் சந்தேகம் வடிகட்டி மென்பொருள் மேல். ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க்’, ‘விபிஎன் அண்ட் ஃபில்டர்ஸ்’ திறந்து அங்கே இருப்பதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். 2024-இல் மேக்ஓஎஸ் செகோயா 15.0 வந்தபோது பல பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்பைக் கெடுத்தன, 15.0.1-இல் அவற்றோடு ஒத்துப்போகும் திருத்தம் வந்தது. செகோயாவில்தான் மேக்குக்கு ‘ப்ரைவேட் வைஃபை அட்ரஸ்’ வந்தது. மேலே சொன்ன மேக் முகவரிப் பட்டியல் தகராறு இங்கும் வரும்; நெட்வொர்க்கின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் அதை ‘ஆஃப்’ செய்து பாருங்கள்.

ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு மேலே வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ எண், அதாவது சிக்னலின் வலிமை, தெரியும். மைனஸ் 50 நல்ல சிக்னல், மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், மைனஸ் 80 என்றால் மோசம். எண் நன்றாக இருந்தும் இணையம் இல்லையென்றால் சிக்னலைக் குறை சொல்ல வேண்டாம். அமைப்பில்தான் தேட வேண்டும். புதிய ‘லொகேஷன்’ ஒன்றை நெட்வொர்க் பக்கத்தில் உருவாக்கினால், பழையதை அழிக்காமலே சுத்தமான அமைப்பில் சோதிக்கலாம்.

லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போய்விட்டது.

கம்ப்யூட்டர் திறக்கும்போது க்ரப் மெனுவை, அதாவது எந்தக் கெர்னலில் திறப்பது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலை, கொண்டுவந்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் புதிய கெர்னலுக்கான டிரைவர் மாட்யூல் உருவாகவில்லை என்று அர்த்தம். பிராட்காமின் தனி டிரைவர், கையால் நிறுவிய ரியல்டெக் டிரைவர் போன்றவை கெர்னலுக்கு வெளியே இருப்பவை. ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அவற்றை மறுபடி தொகுக்க வேண்டும். அதற்குப் புதிய கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு நிறுவியிருக்க வேண்டும். அது விடுபட்டுப்போவதே வழக்கமான காரணம்.

டிரைவரை மறுபடி தொகுப்பது சரியாக நடந்தும் அது ஏறவில்லையா? செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்து ‘என்ரோல் மோக்’ (அந்தக் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யவா) என்று கேட்டதும், பலர் பயந்து ‘கன்டினியூ’ கொடுத்துத் தாண்டிவிடுகிறார்கள். அதில் ‘என்ரோல்’ கொடுத்து, நிறுவும்போது வைத்த கடவுச்சொல்லை அடிக்க வேண்டும்.

மறுபக்கமும் நடக்கும். புதிய கெர்னலிலேயே உங்கள் சிப்புக்கான டிரைவர் சேர்ந்துவிட்டிருக்கும். நீங்கள் முன்பு கையால் நிறுவியது அதோடு மோதும். அப்போது பழையதை நீக்குவதுதான் சரி. எதுவுமே புரியாவிட்டால் ‘ஆர்எஃப்கில்’ கட்டளையின் பட்டியலில் ‘ஹார்டு பிளாக்டு’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் லேப்டாப்பின் சுவிட்ச்சோ விசையோ அணைந்திருக்கிறது, அதை மென்பொருளால் திறக்க முடியாது.

யுஎஸ்பி வைஃபை டாங்கிள் திடீரென்று சிடி டிரைவாகத் தெரிகிறது.

பல டாங்கிள்கள் உள்ளேயே டிரைவர் வைத்திருக்கும். செருகியதும் முதலில் சிடியாகத் தங்களைக் காட்டிக்கொண்டு, டிரைவர் நிறுவியதும் வைஃபையாக மாறும். அப்டேட்டில் டிரைவர் போய்விட்டால் சிடி நிலையிலேயே நின்றுவிடும். அந்தச் சிடியைத் திறந்து உள்ளே இருக்கும் நிறுவியை ஓட்டுங்கள். அல்லது ஃபைல் எக்ஸ்புளோரரில் அதன் மேல் வலது சொடுக்கு செய்து ‘இஜெக்ட்’ கொடுத்தால், டிரைவர் ஏற்கெனவே இருக்கும்பட்சத்தில் வைஃபை நிலைக்கு மாறிவிடும்.

வேறொருவரிடம் உதவி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

லேப்டாப்பின் முழு மாடல் எண், விண்டோஸ் பதிப்பு (விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ‘வின்வெர்’ என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்தால் வரும்), டிவைஸ் மேனேஜரில் இருக்கும் அடாப்டரின் சரியான பெயர், டிரைவரின் தேதியும் பதிப்பும், கோட் எண் இருந்தால் அது, ஐபிவி4 முகவரி எதில் தொடங்குகிறது என்பது, போனில் அதே வைஃபை ஓடுகிறதா என்பது, இதுவரை நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பது. ‘வைஃபை வேலை செய்யலை’ என்று மட்டும் எழுதினால் எதிரில் இருப்பவர் இதே கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்பார். அடாப்டரின் வரி தெரிகிற மாதிரி டிவைஸ் மேனேஜரைப் போனில் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.